நியூயார்க் கையைத் தூக்கவில்லை

வருகைப் பதிவு எடுக்காமல் ஜெசிந்தா கொரேரா ஒருநாளும் பாடம் தொடங்கியதில்லை. தூத்துக்குடியில் பெண்கள் கல்லூரியில் வரலாறு நடத்திய காலத்தில், பக்கத்து பெஞ்சுத் தோழிக்காகக் குரலை மாற்றி "உள்ளேன் மிஸ்" சொல்பவளைத் தலையைத் தூக்காமலே பிடித்துவிடுவாள். ப்ராக்ஸி கொடுத்தவளையும் கொடுக்கச் சொன்னவளையும் சேர்த்து வராந்தாவில் நிறுத்திவைத்த புண்ணியவதி. காலம் அவளை நன்றாகத்தான் பழிவாங்கியது. இப்போது அவளுடைய வகுப்புக்கு வருகிற எல்லாருமே ப்ராக்ஸிதான். அதுவும் சட்டப்படி.

காலையில் மீன் ஏலச் சத்தம் ஓய்கிற நேரத்துக்கு அவள் தேநீரும் கையுமாகத் திரையின் முன் உட்காருவாள். அமெரிக்காவில் அப்போது இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வரும்.

"செண்பகவல்லி?"

"பதிலாள் உள்ளேன் டீச்சர்."

"ஜெபராஜ்?"

"பதிலாள் உள்ளேன்."

தான் அசல் ஆள் இல்லை, பதிலாள் என்பதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்பதும் சட்டம்தான். பிள்ளைகளோடு இருக்க அமெரிக்கா போன பெற்றோர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் அந்த நாட்டுக் குடிமக்களாக வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும் என்று ஆகிவிட்ட பிறகு பிறந்த ஏற்பாடு இது. குடியுரிமைத் தேர்வில் அமெரிக்காவின் ஆரம்பகால வரலாறும் அரசாங்கமும் கேட்பார்கள். பதின்மூன்று குடியேற்றங்கள், தேயிலையைக் கடலில் கொட்டியது, சுதந்திரப் பிரகடனம், இரண்டு சபைகள். எழுபது வயதில் முட்டி வலியோடு அலுவலகத்துக்கு அலைய முடியாதவர்கள், தங்கள் முகமும் குரலும் கொண்ட கம்ப்யூட்டர் பதிலாளை அனுப்பலாம்.

கீழ்வீட்டு ரெஜினா அக்காவுக்கு இது எதுவும் பிடிபடவில்லை. மெஷினுக்கு எதற்குப் பாடம், பொத்தானை அமுக்கினால் எல்லாம் ஏறிவிடாதா என்று மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டாள்.

"ஏறும்க்கா. ஏத்தக் கூடாதுங்கறதுதான் சட்டம். அந்த ஆளுக்குத் தெரியாத எதுவும் அதுக்குத் தெரியக் கூடாது. அவங்க என்ன வேகத்துல படிப்பாங்களோ அந்த வேகத்துலதான் அதுவும் படிக்கணும், அதுவும் மனுஷங்ககிட்ட. அவங்க மறக்கறதை அதுவும் மறக்கணும். படிச்சதை வீட்டுல அவங்களுக்குத் திருப்பிச் சொல்லிக் குடுக்கணும்."

"அவங்க என்ன வேகம்னு அதுக்கு எப்படிட்டி தெரியும்?"

"வீட்டுல ஒரு சின்ன பெட்டி வச்சிருவாங்க. அவங்க பேசறதை எல்லாம் மாசக்கணக்கா கேட்டுக் கேட்டு, இவங்க இப்படிப்பட்ட ஆளுன்னு அதுவாப் புரிஞ்சுக்கும்."

நாற்பது வருஷம் கூட இருந்தும் என் வீட்டுக்காரருக்கு நான் எப்படிப்பட்ட ஆளென்று புரியவில்லை என்று சொல்லிவிட்டு ரெஜினா அக்கா மார்க்கெட்டுக்குப் போனாள்.

அசல் எப்படியோ அப்படித்தான் பதிலாளும் இருக்கும். செண்பகவல்லி சிவகாசிக்காரி, டெக்சாஸில் மகன் வீட்டில் இருக்கிறவர். வீட்டில் வாய் ஓயாதவர் போலிருக்கிறது. அவருடைய பதிலாள் போஸ்டன் துறைமுகத்துக்கு நடுவிலும் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடாது. ஜெபராஜின் பதிலாள் அரசியலமைப்புச் சட்டம் என்றதும் கொட்டாவி விடும். அவரும் அப்படித்தானாம், மகள் உறுதிப்படுத்தினாள்.

ஆவுடையப்பனுடைய பதிலாள்தான் வேறு மாதிரி.

ஆவுடையப்பன் கோவில்பட்டிக்காரர். கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், அதாவது ஆயுசில் பாதியை வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து கழித்தவர். மனைவி போன பிறகு மகன் நாதன் ஒஹாயோவுக்கு அழைத்துக்கொண்டான். இதெல்லாம் சேர்க்கைப் படிவத்தில் இருந்ததுதான். அவருடைய பதிலாள் வகுப்புக்கு முன்னாலேயே வந்து கட்டத்தில் காத்திருக்கும். அதிகம் அசையாத, நெற்றியில் திருநீறு வைத்த முகம். மற்றவை வருவதற்குள் ஏதாவது கேட்கும். தேயிலையைக் கொட்டினார்களே, அப்போது கடல் என்ன நிறமாக இருந்திருக்கும் என்று ஒருநாள் கேட்டது. இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் ஜெசிந்தாவிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

அவளும் முன்னதாகவே வந்து உட்கார ஆரம்பித்தாள். தலை வாரி, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு. அம்பத்தெட்டு வயதில், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட ஒருத்தி, ஒரு பெட்டிக்குள் இருக்கும் குரலுக்காகச் சேலை மாற்றுவது சிரிப்பாக இருக்கலாம். அந்த வீட்டில் வேறு யாரும் அவளை "டீச்சர், சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டு சிரிக்க வேண்டும். செண்பகவல்லியின் பதிலாளை "அது" என்று சொல்கிறவள், ஆவுடையப்பனுடையதை மட்டும் "அவர்" என்றே சொல்லிவந்தாள். "ஐயா" என்றுதான் கூப்பிட்டாள்.

அரசாங்கத்தைப் பற்றிய பாடங்கள் தொடங்கியபோது ஒரு விஷயம் வந்தது. வரி போடுகிற சபையில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லையே என்று குடியேறிகள் கேட்டதற்கு, லண்டன்காரர்கள் சொன்ன பதிலை அவள் விளக்கினாள். நீங்கள் யாரையும் தேர்ந்தெடுத்து அனுப்பாவிட்டால் என்ன, இங்கே இருக்கிறவர்கள் உங்களையும் மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள், உங்களுக்கு எது நல்லது என்று அவர்களுக்குத் தெரியும் என்றார்கள். அதற்கு மெய்நிகர் பிரதிநிதித்துவம் என்றே பெயர் வைத்திருந்தார்கள், கம்ப்யூட்டர் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே.

"எங்க மருமகளும் இதத்தான் டீச்சர் சொல்றா. ஒங்களுக்கு எது நல்லதுன்னு எங்களுக்குத் தெரியும் அத்தைங்கா" என்றது செண்பகவல்லியின் பதிலாள். ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.

வகுப்பு முடிந்து எல்லாக் கட்டங்களும் அணைந்த பிறகும் ஒன்று மட்டும் அணையவில்லை.

"டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம். நான் யாரோட பிரதிநிதி?"

"ஆவுடையப்பனோட பிரதிநிதி. இதுல என்ன சந்தேகம் ஐயா?"

"அவர் எதுவுமே சொல்றதில்லையே. வீட்டுல அவர் பேசினது அத்தனையும் ஒரு போஸ்ட்கார்டுல எழுதிரலாம். குளிக்கப் போறேன். கதவைச் சாத்து. போதும். அதுலயும் 'போதும்'தான் ஜாஸ்தி. மத்தவங்களுக்கு அவங்க ஆள் அள்ளி அள்ளிக் குடுத்திருக்காங்க. எனக்கு இவ்வளவுதான். கெட்டுது குடி."

பாடம் சொல்லிக்கொடுக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாமே என்று கேட்டாள். அவருடைய அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரையில்தான் பதிலாள் தோன்றும். ஆவுடையப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். வணக்கம் சொல்லிப் பாடத்தைத் தொடங்கிய உடனே எழுந்து வருவார் என்றது.

"வந்து?"

"என் மேல துண்டைப் போட்டு மூடிட்டுப் போயிருவார்."

ஜெசிந்தாவுக்கு அம்மா ஞாபகம் வந்தது. அவளுடைய அம்மாவை அண்ணன் டொராண்டோவுக்குக் கூட்டிப்போனான். ஒவ்வொரு போனிலும் "என்னையக் கொண்டுபோய் விட்டுருங்க" என்று சொல்லிச் சொல்லியே அம்மா அங்கே போய்ச் சேர்ந்தாள். பனிக்கு நடுவே மண்ணைத் தோண்டிப் புதைத்ததை ஜெசிந்தா இங்கே திரையில் பார்த்தாள். அன்றிலிருந்து, கடல் தாண்டிப் போன கிழவர் கிழவி எல்லாரும் ஊருக்குத் திரும்ப ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்கு வேதவாக்கு. அதை யாரும் அவளிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, 'போதும்' 'போதும்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை அவளால் அப்படியே பார்க்க முடிந்தது.

தேர்வின் கடைசியில் ஒரு கேள்வி உண்டு. உங்களை அனுப்பியவர் இந்த நாட்டுக் குடிமகனாக விரும்புகிறாரா என்று அதிகாரி கேட்பார். பதிலாள் ஆம் என்று சொல்ல வேண்டுமானால், அசல் ஆள் ஒருமுறையாவது தன் வாயால் அதைச் சொல்லியிருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. செண்பகவல்லி காலைக் காபிக்குள் நாலுதரம் சொல்லிவிடுவார். ஆவுடையப்பன் சொல்லவே இல்லை.

ஜெசிந்தா நாதனுக்குப் போன் செய்தாள். நல்ல பையன்தான். மரியாதையாகப் பேசினான். காரில் போய்க்கொண்டிருந்தான். அப்பா சௌக்கியமாக இருக்கிறார், அவருக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, பரீட்சையை மட்டும் பாஸ் பண்ண வைத்துவிடுங்கள் டீச்சர் என்றான். குடிமகனாவதைப் பற்றி அப்பாவிடம் கேட்டீர்களா என்று அவள் கேட்டாள்.

"அப்பாகிட்ட கேக்க என்ன டீச்சர் இருக்கு? அவர் எங்ககூடத்தானே இருக்கப்போறார்" என்றான்.

பார்த்தாயா என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அண்ணனும் இப்படித்தான் சொன்னான். நன்றி சொல்லிப் போனை வைத்தாள். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் ஒரு நிமிஷம் போனைக் கொடுங்கள் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் பிலடெல்பியா பாடம் வந்தது. குடியேற்றங்கள் எல்லாம் பிரதிநிதிகளை அனுப்பி, இங்கிலாந்தோடு இருப்பதா பிரிவதா என்று வாக்கெடுத்த கதை. ஒவ்வொரு குடியேற்றமும் தன் பிரதிநிதிக்கு இன்னதற்குச் சம்மதிக்கலாம், இன்னதற்குக் கூடாது என்று கட்டளை கொடுத்து அனுப்பியிருந்தது. பன்னிரண்டு குடியேற்றங்கள் பிரிவோம் என்றன. நியூயார்க்கின் பிரதிநிதிகள் மட்டும் பேசாமல் இருந்தார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஊரிலிருந்து அதற்கு அனுமதி வந்திருக்கவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் கூடிச் சம்மதம் அனுப்பிய பிறகுதான் சேர்ந்துகொண்டார்கள்.

கோழைகள் என்றது ஜெபராஜின் பதிலாள், கொட்டாவிக்கு நடுவே. நேர்மையானவர்கள் என்றாள் ஜெசிந்தா. கொஞ்சம் அதிகமான அழுத்தத்தோடுதான் சொன்னாள்.

தேர்வுக்கு முந்தைய நாள் ஆவுடையப்பனுடைய பதிலாள் வகுப்பு முடிந்தும் வழக்கம்போல் போகாமல் நின்றது. பாடத்தில் அதற்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. கேட்ட தேதியெல்லாம் சொன்னது. அவர் மறக்கிற அளவுக்கு அவ்வப்போது மறக்கவும் செய்தது. கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

"இன்னைக்கும் கேக்கப் பாத்தேன் டீச்சர். கேக்கறதுக்கு முன்னாடியே துண்டு விழுந்தது. நாளைக்கு நான் என்ன செய்யட்டும்?"

வெளியே கப்பல் ஒன்று சங்கு ஊதியது. தேநீர் ஆறிப்போயிருந்தது. பதிலாளின் விடையில் ஆசிரியர் தலையிடக் கூடாது என்று விதி இருந்தது. வரலாற்றில் சந்தேகம் கேட்டால் தீர்த்துவைக்கலாம் என்றும் இருந்தது.

"நியூயார்க் என்ன செஞ்சுது ஐயா?"

"கையைத் தூக்கலை."

"தெரியாததைத் தெரியும்னு சொல்ல வேண்டாம். அவ்வளவுதான்."

"அவரைத் திருப்பி அனுப்பிருவாங்க டீச்சர்."

"ஊருக்குத்தானே" என்றாள் ஜெசிந்தா.

மறுநாள் பதிலாள் எல்லாக் கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னது. கடைசிக் கேள்விக்கு, தனக்கு அந்த அதிகாரம் தரப்படவில்லை, ஆகவே நியூயார்க்கைப் போல விலகி நிற்பதாகச் சொன்னது. அந்த அதிகாரி இதற்குமுன் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லையாம். மேலிடத்தில் விசாரித்துவிட்டு, விண்ணப்பதாரரின் சம்மதம் இல்லை என்று குறித்துக் கோப்பை மூடிவிட்டார். சம்மதம் இல்லை என்று ஒருமுறை பதிவானால் பதிவானதுதான். அதைத் திறக்க வழி வைத்து யாரும் சட்டம் எழுதவில்லை. நாதன் வகுப்பு நடத்தும் நிறுவனத்தோடு சண்டைக்குப் போனான். பதிலாள் உண்மையைத்தான் சொன்னது, பாடமும் சரியான பாடம்தான் என்று நிறுவனம் கையை விரித்தது.

ஆவுடையப்பன் என்ற கட்டம் அதன் பிறகு திரையில் வரவில்லை. பழக்கதோஷத்தில் ஒருநாள் ஜெசிந்தா அந்தப் பெயரையும் கூப்பிட்டுவிட்டாள். யாரும் உள்ளேன் சொல்லவில்லை. முன்னதாக வந்து உட்காருவதை விட்டாள். சேலை ஏதோ ஒன்று என்று ஆனது. அவளுக்கு அந்தக் குரல் இல்லாமல் காலைகள் நீண்டுபோயின, அதை அவளே ரெஜினா அக்காவிடம் சொன்னாள். பெட்டிக்கா துக்கம் கொண்டாடுகிறாய் என்றாள் அக்கா. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அம்மாவுக்குச் செய்ய முடியாததை நேரில் பார்த்திராத ஒருவருக்குச் செய்துவிட்டோம் என்ற பெருமை.

அவர் திரும்பி வந்துவிட்டார், கோவில்பட்டியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்ற செய்தியை செண்பகவல்லியின் பதிலாள் சொன்னது. டெக்சாஸ்காரர்களுக்கும் ஒஹாயோக்காரர்களுக்கும் ஏதோ கல்யாணத்தில் சம்பந்தமாம். ஜெசிந்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, மக்ரூன் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இல்லம் எட்டயபுரம் சாலையில் இருந்தது. முன்கூடத்தில் நாலைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒருவர் கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தார். மணியாச்சி ஜங்ஷனில் கூட்ஸ் வண்டியை மறித்துக்கொண்டு நின்ற எருமையின் கதை. எருமையாகவும் டிரைவராகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் அவரே நடித்தார். சொல்லிவிட்டு, சொன்ன கதைக்குத் தானே முதல் ஆளாகத் தொடையில் தட்டிச் சிரித்தார். இவ்வளவு பேசுகிறவர் வேறு யாரோ என்று ஜெசிந்தா சுற்றிலும் தேடினாள். முகம் மட்டும் அதே முகம்.

"ஐயா, நான் ஜெசிந்தா. தூத்துக்குடி. உங்க டீச்சர்."

"எனக்கா?" என்றார் ஆவுடையப்பன். எழுந்து கும்பிட்டார். "எனக்கு டீச்சரா இருந்தவங்க எல்லாரும் மேல போயாச்சே தாயி."

ஒரு வருஷமாகத் தினமும் சாப்பிட்டீர்களா என்று தன்னைக் கேட்ட மனிதர் தன் குரலையே இப்போதுதான் முதல்முறை கேட்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விஷயத்தைச் சொன்னாள். ஓ, அந்த மெஷினுக்கா என்று அவர் சிரித்துக்கொண்டே அவளை ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சுக்கு அழைத்துப்போனார். மக்ரூனை வாங்கிக் கூடத்தில் எல்லாருக்கும் கொடுத்தனுப்பினார்.

வீட்டில் நீங்கள் பேசவே மாட்டீர்கள் என்றல்லவா அது சொன்னது என்று கேட்டாள்.

"எப்படிப் பேச? பெட்டியைக் கொண்டாந்து வச்சுட்டு, 'அப்பா, நீங்க சும்மா பேசிக்கிட்டே இருங்க, அது கேட்டுக் கத்துக்கிடும்'னான். கல்யாண வீட்டுல போட்டோக்காரன் சிரிங்கன்னு சொன்னா வாய் கோணிக்கிடும்லா? அந்தக் கதைதான். வீட்டுக்குள்ள நுழைஞ்சா வாய் பூட்டிக்கிடும். வெளிய வந்தாத்தான் எனக்குப் பேச்சே. பேத்தி இனியாவை ஸ்கூல் பஸ்ஸுல ஏத்திவிடப் போவேன். அந்த ரோடு பூரா நாங்க ரெண்டு பேரும் பேசுத பேச்சுல பனியே உருகிரும்."

"துண்டைப் போட்டு மூடிருவீங்களாமே?"

"பின்ன? எம் மூஞ்சி எனக்கே பாடம் சொல்லுது. கூச்சமா இருக்காதா?"

போதும், போதும் என்று சொல்லிக்கொண்டே இருப்பீர்களாமே என்றும் கேட்டாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது. மருமகள் தட்டில் அள்ளி அள்ளி வைப்பாள், வயிறு என்ன குளமா என்றார் அவர்.

ஜெசிந்தா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடல் நிறத்தைப் பற்றிக் கேட்டது யார், கெட்டுது குடி என்று சொன்னது யார் என்று யோசித்தாள். இந்த மனிதர் இல்லை. 'கெட்டுது குடி' அவளுடைய வார்த்தை, வகுப்பில் ஒரு நாளைக்கு நாலுமுறை சொல்வாள். அசலிடமிருந்து ஒன்றும் கிடைக்காத பதிலாள், பாவம், கிடைத்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. ஒரு வருஷமாக அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்து பேசியது பெரும்பாலும் தன்னோடுதான்.

"ஊருக்கு வரணும்னு ஏங்கிட்டிருப்பீங்கன்னு நினைச்சேன் ஐயா."

"ஊருல யாரு இருக்கா?" என்றார் ஆவுடையப்பன். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "எனக்கு அங்க பிடிச்சிருந்துது தாயி. போன கொஞ்ச நாள்லயே இதுதான் நம்ம இடம்னு பட்டுட்டு. எதிர்வீட்டுக் கருப்பர் ஒருத்தர், அவரும் ரயில்வேதான். அவர் பேசுதது எனக்குப் புரியாது, நான் பேசுதது அவருக்குப் புரியாது. ரெண்டு பேரும் ரயிலைப் பத்தித்தான் பேசுதோம்னு மட்டும் ரெண்டு பேருக்கும் தெரியும். ஜன்னல்ல உக்காந்து அவர் கதவைத் திறக்காரான்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

அவள் சொல்லிவிட்டாள். சொல்லாமல் பஸ் ஏறிப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. கையைத் தூக்க வேண்டாம் என்று அதற்குச் சொன்னது நான்தான் என்றாள். அம்மாவைப் பற்றியும் சொன்னாள். நியூயார்க் பற்றிச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பதிலாளின் அசையாத முகம் அப்போது ஆவுடையப்பனுக்கும் வந்திருந்தது.

"யாருமே எங்கிட்ட ஒருவார்த்தை கேக்கலை" என்றார்.

"கேட்டிருந்தா?"

"இருக்கேன்னுதான் சொல்லியிருப்பேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நாதன் வக்கீல் வைத்துப் பார்த்தானாம். ஒன்றும் நடக்கவில்லை. அவனாவது வந்து பார்க்கிறானா என்று கேட்டாள். லீவு கிடைக்கும்போது வருவான், அவன் மேல் குற்றமில்லை, அங்கே எல்லாருக்கும் ஓட்டம்தான் என்றார். இனியாதான் அவர் கிளம்பிய அன்று தரையில் உருண்டு அழுதாள். அவளைத் தேற்றுவதற்காக, தேர்வு முடிந்தும் அந்தப் பதிலாளை அழிக்காமல் அவருடைய அறையிலேயே வைத்துவிட்டார்கள்.

"இப்ப ஸ்கூல் விட்டு வந்ததும் அதுகூடத்தான் உக்காந்து பேசுதாளாம். ரோட்டுல நான் அவளுக்குச் சொன்ன கதை அம்புட்டையும் அவளே அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டா. எருமைக் கதைகூட இப்ப அதுக்கு வருதாம். என்னைய விட நல்லாச் சொல்லுதாம். நாதன் சந்தோஷப்பட்டு, வீட்டைப் பாத்துக்கிடுதது, கதவைத் திறக்கது எல்லாத்தையும் அதுகிட்டயே விட்டுட்டான்."

தினமும் வீட்டுக்குப் போன் செய்து பேசுகிறீர்களா என்று ஜெசிந்தா கேட்டாள். வேறு என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"செய்யுதேன் தாயி. விடாம தினம் செய்யுதேன்."

"யார் எடுப்பா?"

"நான்தான் எடுக்கேன்" என்றார் ஆவுடையப்பன்.